எஸ்தர் அக்கா வைத்த புள்ளிகள்

செய்தி வந்தபோது நான் கோவளத்தில் ஒரு வீட்டு ஹாலில் ஸ்டூல் மேல் நின்றுகொண்டிருந்தேன். முதல் ஆணி அடித்தாகிவிட்டது. இரண்டாவது ஆணிக்கு ரசமட்டம் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே வீட்டுக்காரர் படத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். முதுமலையின் பழைய வரைபடம், நான்கடி அகலம், தேக்குச் சட்டம். சட்டைப் பையில் போன் அடித்தது. எஸ்தர் அக்காவின் தங்கை ரூத். எட்டு மாதமாக அந்த வீட்டிலிருந்து எனக்குப் போன் வந்ததில்லை.

"தம்பி, அக்கா பூட்டாங்க தம்பி. காலைல காபி ஆத்திக்கினு உக்காந்திருந்தாங்க. அப்டியே சாஞ்சிட்டாங்க."

வரேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். பிறகு இரண்டாவது ஆணியை அடித்தேன். படத்தை மாட்டினேன். நேராக இருக்கிறதா என்று வீட்டுக்காரர் கேட்டார். நேராகத்தான் இருந்தது. கீழே இறங்கி வண்டியை எடுத்தேன். கோவளத்திலிருந்து புதுப்பட்டினத்தில் அக்கா வீடு வரைக்கும் எப்படி ஓட்டிப் போனேன் என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியாது.

இதைப் படிக்கிறவர்களில் பலருக்கு அவரைத் தெரியும். கல்பாக்கத்தில் அவரோடு வேலை பார்த்தவர்கள், சர்ச்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பாடியவர்கள், எங்கள் மாமல்லபுரம் கடையில் படம் வாங்கிப் போனவர்கள். உங்களில் சிலருக்கு இன்னொன்றும் தெரியும்: கடைசி எட்டு மாதம் நானும் அவரும் பேசிக்கொள்ளவில்லை. அப்படியிருக்க இவன் என்ன அஞ்சலி எழுதுவது என்று நீங்கள் நினைக்கலாம். நியாயம்தான். நடந்ததை ஒளிக்காமல் சொல்வது ஒன்றுதான் நான் அவருக்குச் செய்யக்கூடிய மரியாதை என்று நினைத்து எழுதுகிறேன்.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். செங்கல்பட்டில் பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இருபது வருடம் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தேன். கல்யாண ஆல்பம்தான் பிழைப்பு. மணப்பெண் கன்னத்துப் பரு, மாப்பிள்ளை நெற்றியில் அம்மைத் தழும்பு, மாமனார் மூக்கு நுனி மச்சம் எதுவும் என் கண்ணுக்குத் தப்பாது. மவுஸை வைத்து ஒரு தட்டுத் தட்டினால் போய்விடும். அவன்கிட்டப் போனால் முகம் பளிங்கு மாதிரி வரும் என்று ஊரில் பேர் வாங்கியிருந்தேன். அந்தப் பேரில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

ஒரு நாள் ஒருவர் இரும்புப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். அவர் அப்பா வன அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்று இறந்துபோனவர். பெட்டிக்குள் துணி ஒட்டிய பழைய வரைபடங்கள், எட்டாக மடித்தவை. கிண்டி, முதுமலை, முக்குருத்தி, இன்னும் பல மலைக்காடுகள். தேசியப் பூங்கா என்று பெயர் வைப்பதற்கு முன்பே வரைந்தவை. "அப்பா ஞாபகமா ஒண்ணு மட்டும் பெருசா போட்டுக் குடுங்க, ஹால்ல மாட்டணும்" என்றார். மடிப்பையும் கறையையும் நீக்கிப் பெரிதாக அச்சிட்டுச் சட்டம் போட்டுக் கொடுத்தேன். அதைப் பார்த்த ஒருவர் தனக்கும் வேண்டும் என்றார். அவரைப் பார்த்து இன்னொருவர். மிச்ச வரைபடங்களை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று மகன் பெட்டியோடு விட்டுவிட்டுப் போனார். இரண்டு வருடத்தில் ஸ்டுடியோவை மூடிவிட்டு மாமல்லபுரத்தில் இந்தக் கடையைப் போட்டேன். பழைய பழக்கத்தில் ஒரு மூலையில் பாஸ்போர்ட் போட்டோவும் எடுத்துக்கொண்டிருந்தேன்.

எஸ்தர் அக்கா முதலில் வந்தது அந்த மூலைக்குத்தான். ஓய்வூதியத் தாளில் ஒட்டப் போட்டோ வேண்டும். வெள்ளைப் புடவை, ஆண்கள் கட்டும் பெரிய வாட்ச், தோளில் ரெக்சின் பை. பிரிண்ட் வரும்வரை காத்திருந்தவர் என் கம்ப்யூட்டர் திரையை எட்டிப் பார்த்தார். ஒரு மலை பாதி சரிசெய்த நிலையில் கிடந்தது.

"இன்னாபா இது, இந்தக் காண்டூர் பாதில நின்னுக்கினு கீது?"

காண்டூர் என்பது ஒரே உயரத்தில் உள்ள இடங்களையெல்லாம் தொட்டுக்கொண்டு மலையைச் சுற்றிப் போகும் கோடு. அது நடுவில் அறுந்து நிற்கக் கூடாது என்பதுகூட அன்றைக்கு எனக்குத் தெரியாது. "மடிப்புல அழிஞ்சிருக்கும்மா. யாருக்குத் தெரியப் போகுது?" என்றேன்.

"கோடு நின்னுடுச்சின்னா அதுக்கப்பால மலை இன்னாத்துக்கு ஆவும்? ஏறிக்கினு போறவன் அந்தரத்துல நிப்பானா?"

சிரிக்காமல் கேட்டார். போட்டோவிலும் சிரிக்கவில்லை. அந்தப் படம்தான் இப்போது அவர் வீட்டு மேசையில் மெழுகுவத்திக்குப் பின்னால் இருக்கிறது. நான் எடுத்தது. அவர் முகத்தில் ஒரு மச்சத்தைக்கூட நான் எடுக்க அவர் விடவில்லை. "அது என் அடையாளத்துல எழுதிக் கீது, தொடாத" என்று திரையைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

கல்பாக்கத்தில் முப்பது வருடம் ட்ரேசராக இருந்தவர் என்று அன்றே சொன்னார். பொறியாளர்கள் பென்சிலில் போட்ட வரைபடங்களை மேலே கண்ணாடித்தாள் விரித்து மையால் படியெடுக்கும் வேலை. அடுத்த திங்கட்கிழமை காலையில் பேருந்து பிடித்துக் கடைக்கு வந்து நின்றார். வேலை கொடு என்று கேட்கவில்லை. "ஒரு மேசை போட்டு, மேல ஒரு ட்யூப்லைட் மாட்டு. உன் மலைங்கள எல்லாம் நான் பாத்துக்கறேன்" என்றார். நானும் மாட்டினேன். அன்று முதல் என்னை ஸ்டுடியோ என்றுதான் கூப்பிட்டார். என் சொந்தப் பெயர் அவருக்குத் தெரியுமா என்று எனக்கு நெடுநாள் சந்தேகம் இருந்தது.

அவர் வேலை செய்யும் விதம் ஒரு தனி விதம். எந்த வரைபடத்தை எடுத்தாலும் மையைத் தொடுவதற்கு முன்னால் லென்ஸை வைத்துக்கொண்டு அதிலுள்ள ஒவ்வொரு பெயரையும் வாய்விட்டுப் படிப்பார். ஓடை, குன்று, பங்களா, யானைப் பள்ளம், உப்புப் பாறை. வகுப்பில் டீச்சர் வருகைப் பதிவு எடுப்பது மாதிரி இருக்கும். பெயர் இல்லாதவற்றை எண்ணுவார். "யாரு யாரு கீறாங்கன்னு தெரிஞ்சிக்காம கை வைக்கக் கூடாது ஸ்டுடியோ" என்பார். அதற்கே அரைநாள் போகும். எனக்குப் பொறுமை இருக்காது. அறுந்துபோன கோடு ஒன்று இன்னொன்றோடு சரியாகப் போய்ச் சேர்ந்துவிட்டால் "ஸ்தோத்திரம்" என்று முணுமுணுப்பார். நாளொன்றுக்கு நாற்பது ஐம்பது ஸ்தோத்திரம் விழும்.

வாடிக்கையாளர்களிடம் அவருக்குத் தயவு கிடையாது. ஓர் அம்மா வந்து, சோபா சந்தன நிறம், அதற்கு எடுப்பாக இருக்கும்படி காட்டின் பச்சையைக் குறைத்துக் கொடுக்க முடியுமா என்று கேட்டார். நான் முடியும் என்று வாயைத் திறப்பதற்குள் மேசையிலிருந்து குரல் வந்தது: "காடு பச்சையாத்தாம்மா இருக்கும். சோபாவுக்கு வேற உறை போட்டுக்குங்க." அந்த அம்மா சிரித்துவிட்டுப் பச்சையாகவே வாங்கிப் போனார். சனிக்கிழமை தவறாமல் கருவாட்டுக் குழம்பு கொண்டுவருவார். டப்பாவைத் திறந்ததும் கடைக்குள் இருக்கிற வெளியூர்க்காரர்கள் மெல்ல வாசல் பக்கம் நகர்வார்கள். எத்தனையோ தேசியப் பூங்காக்களின் மலைகளைச் சேர்த்துவைத்த அவர் நேரில் பார்த்தது கிண்டி ஒன்றைத்தான். சர்ச் பிள்ளைகளோடு போயிருக்கிறார். எப்படி இருந்தது என்று கேட்டேன். "மான் பாத்தோம். ஐஸ்கிரீம் துன்னோம். வந்துட்டோம்" என்றார்.

ஒரு மதியம் சாப்பிடும்போது தன் ஊரைப் பற்றிச் சொன்னார். செய்யூருக்குத் தெற்கே ஒரு காலனி. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள்.

"வேலைக்குச் சேந்த புதுசுல எங்க பக்கத்து மேப் ஒண்ணு ட்ரேஸ் பண்ண வந்துச்சி. யார் எப்போ போட்டதோ தெரியாது. ஊரு இருந்துச்சி, ஏரி இருந்துச்சி, கோயிலு, களத்து மேடு, சுடுகாடுகூட இருந்துச்சி. எங்க காலனி மட்டும் இல்ல. வெறும் வெள்ளை. நாப்பது வூடுப்பா. நான் பொறந்த வூடு."

"நீங்க என்னக்கா பண்ணீங்க?"

"இன்னா பண்றது? ட்ரேசரு இருக்கறத்தத்தான் படியெடுக்கணும். இல்லாதத்தப் போட்டா வேலை பூடும்." சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். "ஆனா ஒண்ணு. இருக்கறத்த நான் ஒருநாளும் வுட்டதில்ல."

நான் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு என் டப்பாவைக் கழுவப் போய்விட்டேன்.

இனி என் தப்பைச் சொல்கிறேன். கடற்கரைச் சாலையில் ஒரு விடுதி புதிதாகத் திறக்க இருந்தது. வரவேற்பறைக்குப் பெரிய வரைபடம் வேண்டும், பத்தே நாளில் வேண்டும் என்றார்கள். பெட்டியில் மேற்குப் பக்கத்து மலைக்காடு ஒன்றின் வரைபடம் இருந்தது. இப்போது அது தேசியப் பூங்கா. பெயரை நான் எழுதவில்லை. அங்கே குடியிருந்து கீழே இறக்கப்பட்டவர்களின் விஷயம் இன்னும் பேசி முடியவில்லை என்கிறார்கள். என் எழுத்தால் அதில் ஒரு குழப்பம் வர வேண்டாம். அந்த வாரம் எஸ்தர் அக்கா ரூத்தின் மகள் கல்யாணத்துக்காக ஊரில் இருந்தார். அவர் வரும்வரை நான் காத்திருக்கவில்லை. அந்த ஒரு வரைபடத்துக்கு மட்டும் வருகைப் பதிவு நடக்கவில்லை.

தாள் முழுக்கப் பழுப்புப் புள்ளிகள். ஈரம் குடித்த பழைய தாளில் அப்படி வரும். நானே உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தட்டித் தட்டி எடுத்தேன். கை தானாகப் போயிற்று. இருபது வருடப் பழக்கம். இரண்டே நாளில் காடு மணப்பெண் கன்னம் மாதிரி ஆகிவிட்டது. கோடுகளையும் என்னால் முடிந்தமட்டும் சேர்த்தேன். கிழிந்திருந்த கீழ் ஓரத்தைச் சட்டத்துக்குத் தோதாக வெட்டி விட்டேன். படம் பிரமாதமாக வந்தது. விடுதிக்கு வந்தவர்கள் எல்லாம் கேட்டார்கள். அதே அளவில், அதே சட்டத்தில், விடுதியுடையதையும் சேர்த்து ஒரு வருடத்தில் முப்பத்திரண்டு பிரதிகள் போட்டோம். அதில் ஒன்றை என் வீட்டு ஹாலிலும் மாட்டிக்கொண்டேன். கல்யாணம் முடிந்து வந்த அக்கா அச்சான படத்தைப் பார்த்து, "பரவால்லியே ஸ்டுடியோ, கோடெல்லாம் கரீட்டா சேத்துக் கீறியே" என்றார். அவர் என்னைப் பாராட்டியது அந்த ஒருமுறைதான்.

அடுத்த வருடம் மழைக்குப் பின் விடுதிச் சுவரில் ஓதம் ஏறிவிட்டது. படத்தைக் கழற்றிப் பின்பக்கம் காயவைத்து மாட்ட நானும் அக்காவும் போனோம். கழற்றித் தரையில் சாய்த்து வைத்திருந்தோம். துணி வெளுக்கும் இடத்தில் வேலை செய்கிற மாதி என்ற பெண் மடித்த துண்டுகளோடு அந்தப் பக்கமாகப் போனார். அவர் கணவர் அங்கேயே தோட்ட வேலை செய்கிறார். கீழே இருந்ததால் அன்றைக்குத்தான் படம் அவர் கண்ணுக்கு எட்டியது. இது எந்த இடம் என்று கேட்டார். அக்கா மலையின் பெயரைச் சொன்னார். மாதி துண்டுகளை நாற்காலியில் வைத்துவிட்டு மண்டியிட்டு உட்கார்ந்தார்.

"இது எங்க மலைங்க."

அவருக்கு எழுத்துத் தெரியாது. அருவி எது என்று அக்காவிடம் கேட்டுக்கொண்டார். அங்கிருந்து விரலை வைத்து ஆற்றோடு மெதுவாக இறங்கி வந்தார். இரண்டு ஆறு சேரும் இடத்தில் விரல் நின்றது.

"இங்கதானுங்க எங்கம்மா பொறந்தது. நானும் இங்கதான். மூங்கில் வீடுங்க. அப்புறம் எல்லாத்தையும் கீழ எறக்கிட்டாங்க. இதுல எங்க ஊரு எதுங்கக்கா?"

அவர் விரலுக்குக் கீழே வழவழவென்று வெறும் பச்சை. அக்கா என்னைப் பார்க்கவில்லை. "இரும்மா, பாத்துச் சொல்றேன்" என்றார் மாதியிடம்.

கடைக்கு வந்ததும் பெட்டியிலிருந்து மூல வரைபடத்தை எடுத்து விரித்தார். லென்ஸை வைத்து முதல் பெயரிலிருந்து கடைசிப் பெயர் வரை படித்தார். பிறகு எண்ண ஆரம்பித்தார். ஒன்று, இரண்டு என்று பதினொன்று வரை போனது.

"ஸ்டுடியோ, இங்க வா. இது இன்னா?"

"அழுக்குக்கா."

"லென்ஸ வச்சிப் பாரு."

பார்த்தேன். ஈரக்கறை என்றால் விளிம்பு கலைந்திருக்கும். இவை கலையவில்லை. பேனாவால் வைத்த சின்ன வட்டப் புள்ளிகள், எல்லாமே ஆற்றோரமாக. மை பழுத்துக் கறையின் நிறத்துக்கே வந்திருந்தது. நான் வெட்டி விட்ட கீழ் ஓரத்தில், மூலத் தாளில், குறி விளக்கமாக அதே மையில் ஒரு புள்ளி. அதற்கு எதிரே குடிசைகள் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. காட்டை அளக்கப் போன யாரோ ஒருவர், அச்சான வரைபடத்தில் விட்டுப்போனவர்களைத் தன் கையால் சேர்த்திருக்கிறார். அந்தக் கை வைத்ததை என் கை எடுத்துவிட்டது.

"மச்சம் எடுக்கற மாதிரி எடுத்துட்டியேபா" என்றார். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். மெதுவாகச் சொன்னார்.

விற்ற பிரதிகளையெல்லாம் தேடிப் போய்ச் சரிசெய்ய வேண்டும் என்றார். எனக்குப் பயம் வந்துவிட்டது. விடுதிக்காரர் அறைக்கு ஒரு வரைபடம் மாட்டப் போவதாகப் பேசிக்கொண்டிருந்த நேரம். நாமே வீடு வீடாகப் போய்த் தப்பாகப் போட்டுவிட்டோம் என்று சொன்னால் கடையின் பேர் என்ன ஆவது? "இனிமே போடறதுல புள்ளி வச்சிடறேன்க்கா. போனது போகட்டும். சுவத்துல அழகுக்கு மாட்டற படம். அதைப் பார்த்துக்கிட்டு யாரு காட்டுக்குள்ள போகப் போறா?" என்றேன்.

"அழகுக்குத்தானே எடுத்த?" என்றார். "அப்போ அழகுக்கு நாங்க இருக்கக் கூடாதா?"

நாங்க என்றார். அன்று அது என் காதில் ஏறவில்லை. கோபம் தலைக்கேறி, கடை என்னுடையது, வேலைக்கு வந்தவர்கள் வேலையைப் பார்த்தால் போதும் என்று சொல்லிவிட்டேன். நாலு வருடம் ஒன்றாகச் சாப்பிட்டவரிடம் சொன்ன வார்த்தை. அவர் தன் மேசைக்குப் போனார். பேனாவைக் கழுவினார். மைக்குப்பியை மூடினார். பில் புத்தகத்தை எடுத்து முப்பத்திரண்டு முகவரிகளையும் ஒரு நோட்டில் பொறுமையாக எழுதிக்கொண்டார். மாலைப் பேருந்தில் போய்விட்டார். மறுநாள் வரவில்லை.

அதற்குப் பிறகு நடந்தவை, படம் வாங்கியவர்கள் போன் செய்து சொல்லித்தான் எனக்குத் தெரியவந்தன. சனிக்கிழமைதோறும் ஒரு வீடு, சில நாள் இரண்டு வீடு. ரெக்சின் பையில் குறடு, ஸ்குரூ டிரைவர், பழுப்பு டேப், பேனா. எங்கள் கடையில் ஒரு தப்பு நடந்துவிட்டது, அரைமணி நேரம் கொடுங்கள் என்று சொல்லிப் படத்தைக் கழற்றி, கண்ணாடியை எடுத்து, பதினோரு புள்ளி வைத்து, பழையபடி மூடி மாட்டிவிட்டுத்தான் நகர்வாராம். எங்கள் கடையில் என்றுதான் எல்லா இடத்திலும் சொல்லியிருக்கிறார். என் பெயரை ஓரிடத்திலும் எடுக்கவில்லை. கேளம்பாக்கத்திலிருந்து ஓர் அம்மா கோபமாகப் பேசினார், சொல்லாமல் ஆள் அனுப்பினீர்களே என்று. பதினைந்து நாள் கழித்து அவரே மறுபடி கூப்பிட்டார். பிள்ளைகள் அந்தப் புள்ளிகளுக்கெல்லாம் பேர் கேட்கிறார்கள், உங்களுக்குத் தெரியுமா என்றார். எனக்குத் தெரியவில்லை.

விடுதி மேனேஜர் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. அக்கா வரவேற்பறையிலேயே உட்கார்ந்துவிட்டார். ஒரு சனிக்கிழமை அல்ல, மூன்று சனிக்கிழமை. மதியமானதும் அந்த ஏசி ஹாலில் கருவாட்டுக் குழம்பு டப்பாவைத் திறந்தாராம். மூன்றாம் வாரம் டப்பா வெளியே வருவதற்கு முன்பே மேனேஜர் ஏணியை வரவழைத்துவிட்டார். கண்ணாடியை மாதி பிடித்துக்கொண்டாராம். இதை மேனேஜரே சிரித்துக்கொண்டு என்னிடம் சொன்னார். அறைகளுக்கான வரைபடங்களையும் எங்கள் கடையிலேயே சொன்னார்கள். நான் பயந்தது எதுவும் நடக்கவில்லை. அப்போதாவது நான் போய் அவரைப் பார்த்திருக்க வேண்டும். என் தப்பு இவ்வளவு ஊருக்குத் தெரிந்த பிறகு எந்த முகத்தோடு போவது என்று இருந்துவிட்டேன். அது வெட்கம் என்று நினைத்தேன். வீம்புதான்.

அவரைக் கடைசியாக நான் பார்த்தது மாமல்லபுரம் பைபாஸ் நிறுத்தத்தில். பேருந்துக்காக நின்றிருந்தார், தோளில் அதே பை. நான் வண்டியில் வந்தேன். அவர் என்னைப் பார்த்துவிட்டார். கையைப் பாதி தூக்கினார். நான் பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டேன். அவசர வேலை இருக்கிறது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். வேலை ஒன்றும் இல்லை. போய்க் கடையில் சும்மாதான் உட்கார்ந்திருந்தேன்.

அடக்கத்துக்கு மாதியும் அவர் கணவரும் பேருந்து மாறி வந்திருந்தார்கள். உள்ளே வராமல் கேட் ஓரமாக நின்றவர்களை ரூத் கையைப் பிடித்து அழைத்துப் போனார். நான் அக்காவின் காலருகே நின்று அழுதேன். மன்னிச்சிடுங்கக்கா என்று சொன்னேன். சொன்னது அவருக்குக் கேட்கப் போவதில்லை என்று தெரிந்துதான் சொன்னேன்.

ஒரு வாரம் கழித்து ரூத் கடைக்கு வந்து அந்த ரெக்சின் பையை மேசை மேல் வைத்தார். "உன்கிட்ட குடுக்கணும்னு தோணுச்சி தம்பி" என்றார். உள்ளே லென்ஸ், பேனா, பாதி மைக்குப்பி இருந்தன. மடிக்காமல் சுருட்டிய ட்ரேசிங் தாள் ஒன்று. அதில் ஊசியால் பதினோரு துளை. அதைப் படத்தின் மேல் பொருத்தி வைத்தால் புள்ளி விழ வேண்டிய இடம் தெரியும். கடைசியாக அந்த நோட்டு.

முப்பத்திரண்டு முகவரிகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு டிக், பக்கத்தில் தேதி. சிலவற்றில் ஒரு வரி: 'நாய் கீது.' 'காபி குடுத்தாங்க.' 'ரெண்டு வாட்டி போனேன், பூட்டியிருந்துது.' 'மூணு வாரம், முடிஞ்சிது, ஸ்தோத்திரம்.' முப்பத்தோரு டிக் இருந்தது. கடைசி முகவரிக்கு மட்டும் டிக் இல்லை. அது என் வீடு. எதிரே இப்படி எழுதியிருந்தார்: 'ஸ்டுடியோ வூடு. அவனே வைப்பான்.'

இதை எப்போது எழுதினார் என்று ரூத்திடம் கேட்டேன். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு போன அந்த நாளுக்கு முன்பா, பின்பா? ரூத்துக்குத் தெரியவில்லை. நான் திரும்பத் திரும்ப அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். மையைப் பார்த்து நாளைச் சொல்ல அவருக்குத்தான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஹாலில் பாயை விரித்துப் படத்தைக் கழற்றி வைத்தேன். முதலில் லென்ஸை எடுத்து எல்லாப் பெயரையும் வாய்விட்டுப் படித்தேன். கூச்சமாகத்தான் இருந்தது. ஒரு மணி நேரம் ஆனது. பிறகு துளைத் தாளைப் பொருத்தி, பேனாவை மையில் தொட்டு, ஒவ்வொன்றாக வைத்தேன். எடுக்கும்போது நிமிடத்துக்குப் பத்து எடுத்த கை, வைக்கும்போது ஒன்றுக்கே வியர்த்தது. இரண்டு ஆறு சேரும் இடத்தைக் கடைசிக்கு வைத்துக்கொண்டேன். அதையும் வைத்துவிட்டு, மை காயக் காத்திருந்து, கண்ணாடியை மூடிச் சுவரில் மாட்டினேன். நோட்டை எடுத்து முப்பத்திரண்டாவது டிக்கைப் போட்டுத் தேதி எழுதினேன்.

எஸ்தர் அக்காவிடமிருந்து எனக்கென்று இருப்பவை இவ்வளவுதான்: ஒரு லென்ஸ், ஒரு பேனா, ஊசித் துளை போட்ட ஒரு தாள், என்னை நம்பி எழுதிய ஒரு வரி. யார் யார் இருக்கிறார்கள் என்று படித்துப் பார்க்காமல் இனி எந்தத் தாளிலும் கை வைப்பதில்லை. மேசைக்கு மேலே அவருக்காக மாட்டிய ட்யூப்லைட் இன்னும் எரிகிறது. அடுத்த மாதம் மாதியோடும் அவர் கணவரோடும் உட்கார்ந்து அந்தப் பதினொன்றுக்கும் பெயர் கேட்டு எழுதப் போகிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கடைத்தெருவுக்குப் போய்த் திரும்பிய என் மனைவி சுமதி செருப்பைக் கழற்றிக்கொண்டே சுவரைப் பார்த்தாள்.

"அய்ய, கண்ணாடிக்குள்ள இன்னா அழுக்கு பொட்டுப் பொட்டா?" என்று துணியை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"தொடைக்காத சுமதி" என்றேன். "அது அழுக்கு இல்ல. ஊரு."